‘கடல் சுறாவின் வீடு’ என்ற பேச்சு எதுவரை செல்லும்?

2017 பிப்ரவரியில், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், பாடிபோர்டு என்னும் குட்டைப் பலகையில் படுத்து அலையேறிக்கொண்டிருந்த ஓர் இளைஞரைச் சுறா கொன்றது. அதையொட்டி இன்ஸ்டாகிராமில் கெல்லி ஸ்லேட்டர் தன் கருத்தை எழுதினார். அவர் 11 முறை உலகச் சாம்பியனான அலைச்சறுக்கு வீரர், அதாவது சர்ஃபர். கடலைக் காப்பது பற்றி ஓயாமல் பேசுகிறவரும்கூட. ரீயூனியனில் சுறாக்களைப் பெரிய அளவில் கொன்றாக வேண்டும், அதுவும் தினமும் கொல்ல வேண்டும், இப்படிச் சொல்வதால் தனக்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சும் என்பது தெரியும் என்பதே அவர் எழுதியதன் சாரம். கெட்ட பெயர் உடனே வந்தது. பல நாட்டு சர்ஃபர்களும் சுறா ஆர்வலர்களும் அவரை வறுத்தெடுத்தார்கள். அப்புறம் அவர் தன் பேச்சுக்கு விளக்கம் கொடுத்துக் கொஞ்சம் இறங்கி வர வேண்டியிருந்தது.

சர்ஃபர்களைப் பற்றி வெளியில் இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன. பயமே அறியாத துணிச்சல்காரர்கள் என்பது ஒன்று. சுறாவையும் சொந்தமாக நினைக்கும் இயற்கை நேசர்கள் என்பது இன்னொன்று. ரீயூனியனில் நடந்ததைப் பார்த்தால் இரண்டும் பொருந்தவில்லை. சர்ஃபர்கள் சுறாவோடு ஓர் உடன்பாட்டில் இருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கும் எழுதி வைக்காத உடன்பாடு, ஆனால் நிபந்தனைகள் உண்டு. அவை இருக்கும்வரை ‘கடல் சுறாவின் வீடு, நாம் விருந்தாளிகள்’ என்ற பேச்சு நிற்கும். போனால், அதே வாய்கள் வேறு மாதிரிப் பேசும்.

முதலில் அந்தப் பேச்சு எவ்வளவு பரவலானது என்று பார்த்துவிடலாம். தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 நாடுகளைச் சேர்ந்த 391 சர்ஃபர்களிடம் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அலையில் இருக்கும்போதே சுறாவைப் பார்த்தவர்கள். ஏறத்தாழ 17 சதவீதம் பேர் தாங்களே கடிபட்டவர்கள், அல்லது கடிபட்ட ஒருவரை நேரடியாகத் தெரிந்தவர்கள். அப்படியிருந்தும் 60 சதவீதம் பேர் சுறாவை நினைத்துப் பயப்படுவதில்லை என்றார்கள். சுறா தென்பட்டாலும் கடலில் இறங்குவோம் என்றவர்கள் 44 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. சர்ஃபர்களிடம் கேட்டால் இப்போதும் சர்ஃபிங் செய்கிறவர்கள்தான் பதில் சொல்வார்கள். சுறாவுக்குப் பயந்து பலகையைப் பரணில் போட்டுவிட்டவர் கணக்கிலேயே வரமாட்டார்.

அவர்கள் கடலில் எப்படி இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பலகையில் குப்புறப் படுத்து, கையால் நீரை வலித்துக்கொண்டு, அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போவார்கள். அங்கே எழுந்து உட்கார்ந்து, கால்களை இரண்டு பக்கமும் தொங்கப் போட்டுக்கொண்டு அடுத்த அலைக்குக் காத்திருப்பார்கள். கடலில் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பும் கையால் நீரை வலிப்பதும்தான். அலைமேல் நிற்பது மொத்தமாகச் சேர்த்தாலும் சில நிமிடங்கள். முழங்காலுக்குக் கீழே என்ன ஓடுகிறது என்பது தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். சுறாவின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘சாம்பல் கோட்டுக்காரர்’ என்று ஜாடையாகப் பேசுவது ஆஸ்திரேலியாவில் வழக்கம். ராத்திரியில் பாம்பின் பெயரைச் சொல்லக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வதைப் போல.

தெரியாமல் இருந்தது எவ்வளவு என்பதைக் கலிபோர்னியாவில் ட்ரோன்கள் காட்டிவிட்டன. லாங் பீச்சில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுறா ஆய்வகம் 2 ஆண்டுகள் 26 கடற்கரைகளுக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்டது. முடிவுகள் 2023இல் வந்தன. இளம் வெள்ளைச் சுறாக்கள் கூடும் இரண்டு பகுதிகளில், கண்காணித்த நாட்களில் 97 சதவீத நாட்களில் சுறாவும் மனிதர்களும் ஒரே நீரில் இருந்தார்கள். பெரும்பாலும் அலை உடையும் இடத்தை ஒட்டியே. அந்தப் படங்களில் சர்ஃபர் காத்திருக்கிறார், அவருக்குச் சில அடி தள்ளி ஒரு சுறா தன்பாட்டுக்குப் போகிறது, அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தப் பகுதியில் கடி என்பது மிக மிக அபூர்வம். ஆனால் இவை குட்டிகள், அடிமணலில் கிடக்கும் திருக்கை போன்றவற்றைத் தின்று வளர்கிறவை. வளர்ந்த வெள்ளைச் சுறா கடல்நாய் (சீல்) தின்னத் தொடங்கும்போது கதை வேறு.

எந்தச் சுறா என்பதைப் பொறுத்து மனநிலையும் மாறுகிறது. ஃபுளோரிடாவில் நியூ ஸ்மிர்னா கடற்கரையை உள்ளடக்கிய வொலூசியா மாவட்டம் உலகிலேயே அதிகம் சுறாக்கடி பதிவாகும் இடங்களில் ஒன்று. அங்கே கடிப்பவை பெரும்பாலும் கருமுனைச் சுறா போன்ற சிறிய இனங்கள். கலங்கிய நீரில் மீன் கூட்டத்தைத் துரத்தி வந்து பாதத்தையோ கையையோ கவ்விவிட்டுப் போய்விடும். தையல் போட்டுக்கொண்டு, காயம் ஆறியதும் அதே இடத்துக்குத் திரும்புகிறார்கள். அங்குள்ளவர்கள் அதைக் கேலியாகப் பேச முடிகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் அயர் தீபகற்பத்தில் 2023 முதல் 2025 தொடக்கம்வரை சர்ஃபர்கள் அடுத்தடுத்து வெள்ளைச் சுறாவுக்குப் பலியானார்கள். அங்கே யாரும் கேலி பேசுவதில்லை.

ஆக, முதல் நிபந்தனை, தாக்குதல் அபூர்வமாக இருப்பது. எப்போதோ ஒருமுறை, யாருக்கோ நடக்க வேண்டும். உலக அளவில் அப்படித்தான் இருக்கிறது. ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் பதிவேட்டின்படி 2023இல் உலகெங்கும், மனிதர் சீண்டாமலே நடந்த சுறாக்கடிகள் 69, அவற்றில் இறந்தவர்கள் 10 பேர். கடிபட்டவர்களில் 42 சதவீதம் பேர் சர்ஃபிங் போன்ற பலகை விளையாட்டுக்காரர்கள். இதை வைத்துத்தான் ‘கடற்கரைக்குக் காரில் போவதுதான் ஆபத்து’ என்று சர்ஃபர்கள் சொல்வார்கள். உலகக் கணக்குக்கு அது சரி. ஆனால் 69 கடிகளும் உலகக் கரையெங்கும் சமமாகப் பரவி நடப்பதில்லை. ஒரு சின்ன ஊரில், சில நூறு பேர் மட்டும் இறங்கும் கடலில், சில ஆண்டுகளுக்குள் குவிந்தால் அந்த ஊர்க்காரருக்கு உலகச் சராசரியால் என்ன பயன்?

ரீயூனியனில் அதுதான் நடந்தது.

ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர் வாழும் எரிமலைத் தீவு அது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே கோயில் கட்டித் தீ மிதிக்கிறார்கள். மேற்குக் கரையில் செயின்-லூ, ட்ருவா-பசான், புக்கான் கனோ என்று உலகத் தரமான அலைகள் உள்ள இடங்கள் வரிசையாக உண்டு. ஜெரமி ஃப்ளோரஸ், ஜோஹன் டெஃபே போன்ற முன்னணி வீரர்கள் அங்கிருந்து வந்தார்கள். 2011 தொடங்கி 2019 வரை அந்தத் தீவில் சுறா தாக்கி 11 பேர் இறந்தார்கள். பலர் சர்ஃபர்களும் பாடிபோர்டர்களும். தாக்கியவை காளைச் சுறாவும் புலிச் சுறாவும்.

2013 ஜூலையில் கரைக்கு மிக அருகில் நீந்திக்கொண்டிருந்த 15 வயதுச் சிறுமி இறந்தாள். அதே மாதக் கடைசியில் அரசு, பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமற்ற நீரையும் குறிக்கப்பட்ட சில இடங்களையும் தவிர, மற்ற இடங்களில் நீந்துவதற்கும் சர்ஃபிங் செய்வதற்கும் தடை விதித்தது. 2015 ஏப்ரலில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், தீவின் நம்பிக்கை நட்சத்திரங்களில் ஒருவன், தடை இருந்த இடத்தில் அலையேறியபோது கொல்லப்பட்டான். உடன்பாட்டின் இன்னொரு நிபந்தனை இங்கே உடைந்தது. ‘தெரிந்தேதான் இறங்கினேன், என் முடிவு’ என்று வளர்ந்தவர் சொல்லலாம். பதின்மூன்று வயதுப் பையனின் பெற்றோரிடம் போய் அதை யார் சொல்வது? கடல் சுறாவின் வீடு என்று அந்த வீட்டு வாசலில் நின்று சொல்லிப் பார்க்கட்டும்.

சர்ஃபர்கள் அரசு அலுவலகங்களின் முன் திரண்டு, சுறாக்களைப் பிடிக்கச் சொல்லிப் போராடினார்கள். 2012இல் செயின்-லூ மேயர் காளைச் சுறாவைப் பிடிக்க மீனவர்களுக்கு அனுமதி கொடுத்தார். பாரிஸிலிருந்து எதிர்ப்பு வந்ததும் பின்வாங்க வேண்டியதாயிற்று. பிரான்ஸ் பெருநிலத்து விலங்கு ஆர்வலர்களும் இணையத்தில் உலாவும் வெளிநாட்டு சர்ஃபர்களும் ‘கடலுக்குள் போகாதீர்கள், பிரச்சினை தீர்ந்தது’ என்றார்கள். அவர்களுடைய கடற்கரையில் அப்போது யாரும் சாகவில்லை. தீவுக்குள்ளேயும் எல்லோரும் சர்ஃபர்கள் பக்கம் இல்லை. பெருநிலத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பொழுதுபோக்கு என்றே பலர் சர்ஃபிங்கைப் பார்த்தார்கள். கிரியோல் எனப்படும், தீவிலேயே தலைமுறைகளாக வாழும் மலையடிவாரத்துக் குடும்பங்களில் கடலுக்குள் இறங்கும் பழக்கமே பெரிதாக இருந்ததில்லை. சிலருடைய விளையாட்டுக்காகச் சுறாவைக் கொல்வதா என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது.

ஏன் திடீரென்று இத்தனை தாக்குதல்? சர்ஃபர்கள் 2007இல் மேற்குக் கரையில் உருவான கடல் காப்பகத்தைக் கைகாட்டினார்கள், மீன்பிடி குறைந்து சுறா பெருகிவிட்டது என்று. 1999இல் நச்சுப் பயத்தால் சுறா இறைச்சி விற்பனை தடை செய்யப்பட்டதும் பேச்சில் அடிபட்டது. விற்க முடியாத மீனை எந்த மீனவர் பிடிப்பார்? சுறாப் புட்டு தெரிந்த நமக்கு இந்தத் தர்க்கம் சட்டென்று புரியும், சந்தை இல்லாத சுறா கடலிலேயே இருந்துவிடும். ஆய்வாளர்கள் வேறொன்றையும் சொன்னார்கள். கிழக்கு மலைச்சரிவின் தண்ணீரைச் சுரங்கம் வழியாக வறண்ட மேற்குக்குத் திருப்பிவிட்டுக் கரும்பு வளர்த்தார்கள், மேற்கில் ஊர்களும் பெருத்தன, மழையில் மண்ணும் கழிவும் கடலுக்கு வந்து நீர் கலங்கியது என்று. காளைச் சுறா ஆற்று முகத்தையும் கலங்கிய நீரையும் விரும்பும் இனம். இந்தக் காரணங்களில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. ஆளாளுக்குத் தமக்குப் பிடித்த காரணத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

புக்கான் கனோவில் வலை கட்டினார்கள். 2016 ஆகஸ்டில் அந்த வலை சேதமாகி இருந்த சமயத்தில் இறங்கிய 21 வயது சர்ஃபர் ஒரு கையையும் ஒரு பாதத்தையும் இழந்தார். அப்புறம் இலக்கு வைத்துச் சுறா பிடிப்பது, முகமூடியும் மூச்சுக்குழலும் போட்ட காவலர்கள் நீருக்குள் சுற்றிவரும் நேரத்தில் மட்டும் இளம் சர்ஃபர்களைப் பயிற்சிக்கு விடுவது என்று தீவு ஒருவழியாகத் தன் ஏற்பாட்டைச் செய்துகொண்டது. பிடிபட்டவற்றில் புலிச் சுறாக்களே அதிகம், கரையோரத்துக் காளைச் சுறாவுக்கு வைத்த தூண்டிலில் வேறு இனம் மாட்டுகிறது என்ற குறை இன்றும் உண்டு. 2019 மே மாதம் நடந்ததுதான் அந்தத் தொடரின் கடைசி மரணம்.

இதற்கு நேர்மாறாக மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது. 2010 முதல் 2013 வரை அங்கே 7 பேர் இறந்தார்கள். அப்போதைய முதல்வர் காலின் பார்னெட்டின் மாநில அரசு, 2014 ஜனவரியில் தூண்டில் மிதவைகளை நிறுவியது. 3 மீட்டருக்கு மேற்பட்ட வெள்ளை, புலி, காளைச் சுறா மாட்டினால் சுட்டுக் கொல்லலாம். உடனே பெர்த் நகரின் காட்டஸ்லோ கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டார்கள், சர்ஃபர்களும் அதில் இருந்தார்கள். எங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொல்லாதே என்பதே அவர்களின் பேச்சு. மூன்று மாதத்தில் 172 சுறாக்கள் மாட்டின, 68 சுடப்பட்டன. மரணங்களுக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட வெள்ளைச் சுறா ஒன்றுகூட மாட்டவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையமே திட்டத்தைத் தொடர வேண்டாம் என்றது.

அங்கே ஏன் அப்படி, ரீயூனியனில் ஏன் இப்படி? எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம். ஓரிடத்தில் பயமாக இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம். ரீயூனியனில் வேறிடம் கிடையாது, போதாக்குறைக்கு அரசே கடலைப் பூட்டிவிட்டது. அலையையும் இழந்து, ஆட்களையும் இழந்தவர்களிடம் உடன்பாட்டில் மிச்சம் என்ன இருந்தது? அப்புறம் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் ஒரே குரல் என்று நினைத்துவிடக் கூடாது. தெற்குக் கரையில் எஸ்பெரன்ஸ் போன்ற சின்ன ஊர்களில், அடுத்தடுத்து இழப்பைக் கண்டவர்கள், பெர்த் நகரத்துப் போராட்டக்காரர்களைப் போலப் பேசவில்லை.

கொல்வது பலன் தருமா என்பதற்குப் பழைய சோதனை ஒன்று உண்டு, அதுவும் சர்ஃபிங் பிறந்த மண்ணில். 1958 டிசம்பரில் ஓவாஹு தீவில் ஒரு பதின்வயதுப் பையன் சுறாவால் இறந்ததைத் தொடர்ந்து, ஹவாய் அரசு 1959இலிருந்து 1976வரை விட்டுவிட்டுச் சுறா வேட்டை நடத்தியது. மொத்தம் 4,668 சுறாக்கள் கொல்லப்பட்டன, அவற்றில் 554 புலிச் சுறாக்கள். தாக்குதல் விகிதம் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. ஹவாய்ப் பூர்வகுடிக் குடும்பங்கள் சிலவற்றுக்குச் சுறா மூதாதையரின் உருவம், குலதெய்வம் மாதிரி. 1990களில் மறுபடியும் வேட்டை பற்றிய பேச்சு வந்தபோது அவர்கள் எதிர்த்தார்கள். இன்று ஹவாய் மாநிலக் கடலில் தெரிந்தே சுறாவைப் பிடிப்பதோ கொல்வதோ குற்றம். 2022 ஜனவரி முதல் அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. காவை தீவில் 2003இல், 13 வயதில், புலிச் சுறாவிடம் இடது கையை இழந்த பெத்தானி ஹாமில்டன் ஒரு மாதத்துக்குள் மறுபடி பலகையேறியது இந்தச் சூழலிலிருந்துதான்.

சுறா ‘தவறுதலாகக் கடிக்கிறது’ என்ற விளக்கம் சர்ஃபர்களுக்குப் பெரிய ஆறுதல். கீழிருந்து பார்த்தால் பலகையில் படுத்திருப்பவர் கடல்நாய் போலத் தெரிவார் என்பது பழைய ஊகம். 2021இல் ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகக் குழு இளம் வெள்ளைச் சுறாவின் பார்வைத் திறனைக் கணக்கிட்டு, அந்தக் கண்ணுக்குக் கடல்நாயையும் சர்ஃபரையும் பிரித்தறிவது கடினம் என்றது. அதே குழுவினர் பிறகு தென்னாப்பிரிக்காவின் மோசல் பே கடலில் கடல்நாய் வடிவப் பொம்மைகளின் அடிப்பக்கம் விளக்குகளைப் பொருத்தி இழுத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் கூடக் கூட வெள்ளைச் சுறாவின் தாக்குதல் குறைந்தது. எல்லா விஞ்ஞானிகளும் இந்த ஆள்மாறாட்டக் கருத்தை ஏற்பதில்லை. சுறா எதையும் கடித்துப் பார்த்துத்தான் அறிகிறது, அதில் தவறு என்று ஒன்றில்லை என்கிறவர்களும் உண்டு. எனக்குப் படுவது, இந்த விளக்கம் உண்மையோ இல்லையோ, சர்ஃபருக்கு அது தேவைப்படுகிறது. தவறுதலாகக் கடித்த விலங்கை மன்னிக்கலாம்.

போட்டி என்று வந்தால் இன்னொரு விசித்திரம். 2015 ஜூலை 19 அன்று தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பேயில் இறுதிச் சுற்று நேரலையில் போய்க்கொண்டிருக்கும்போதே ஆஸ்திரேலிய வீரர் மிக் ஃபேனிங்கின் பின்னால் வெள்ளைச் சுறா எழுந்தது. பலகையையும் காலையும் இணைக்கும் கயிறு அறுந்தது, அவர் சுறாவைக் குத்தியும் உதைத்தும் தப்பினார். எதிராளி ஜூலியன் வில்சன் கரையைப் பார்க்காமல் அவரை நோக்கித் தன் பலகையைச் செலுத்தினார். அடுத்த ஆண்டு அதே இடத்தில் ஃபேனிங் வென்றார். எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் 2018 ஏப்ரலில், மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் பகுதியில் போட்டி நடந்துகொண்டிருக்கையில், கரை ஒதுங்கிய திமிங்கில உடல்களை நாடிச் சுறாக்கள் வந்து, ஒரே நாளில் இரண்டு சர்ஃபர்கள் கடிபட்டபோது, பிரேசில் வீரர்கள் கேப்ரியல் மெதினாவும் இதாலோ ஃபெர்ரேராவும் பாதுகாப்பாக உணரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். போட்டி நிறுத்தப்பட்டு, மிச்சச் சுற்றுகள் பாலித் தீவில் நடந்தன. உள்ளூர்க்காரர்களில் சிலர் முகம் சுளித்தார்கள், இது எங்கள் கடல், எப்போதும் இப்படித்தான் என்று. மெதினா சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பழக்கமில்லாத நீரில் பயப்படுவதுதான் புத்திசாலித்தனம்.

நியூ சவுத் வேல்ஸின் பலினா, லெனாக்ஸ் ஹெட் பகுதியில் 2015இல் ஒரு மரணமும் பல கடிகளும் நடந்ததும், ‘முப்பது வருஷமாக இங்கே அலையேறுகிறேன், இத்தனை சுறாவைப் பார்த்ததில்லை’ என்ற குரல் எழுந்தது. ஆஸ்திரேலிய அறிவியல் அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கிழக்குக் கரையில் வளர்ந்த வெள்ளைச் சுறாக்கள் ஏறத்தாழ 750, எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை. கண்ணால் பார்த்தவருக்கு இந்த எண் எப்படி இருக்கும்? அங்கே பயன்பாட்டுக்கு வந்த ஏற்பாடு, ரீயூனியனில் உருவான நவீனத் தூண்டில் மிதவை. சுறா மாட்டியதும் அது செய்தி அனுப்பும். படகில் போய் அடையாளக் கருவி பொருத்தி, கடலுக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கொல்லாமல் ஏதாவது செய் என்ற சர்ஃபர்களின் கோரிக்கைக்கு இதுதான் ஓரளவு பொருந்தி வருகிறது. சிட்னியில் 1937இலிருந்து போடப்படும் வலைகளோ 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். சுறா பக்கவாட்டிலும் மேலேயும் தாராளமாகச் சுற்றி வரலாம். ஆமையும் டால்ஃபினும் மாட்டிச் சாகின்றன. அவற்றை எடுத்துவிடலாம் என்ற யோசனை வலுத்துவந்த சமயத்தில், 2025 செப்டம்பரில் சிட்னியின் வடபகுதியில் ஒரு சர்ஃபர் கொல்லப்பட்டார், பேச்சு மறுபடியும் சூடுபிடித்தது.

காலப்போக்கில் சர்ஃபர்கள் தங்கள் கையில் இருப்பதைச் செய்யப் பழகிவிட்டார்கள். மேற்கு ஆஸ்திரேலிய அரசு, மின்புலத்தால் சுறாவை விரட்டும் கருவி வாங்க 2017இல் 200 டாலர் மானியம் தரத் தொடங்கியது. ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 2018இல் இப்படிப்பட்ட ஐந்து பொருட்களைச் சோதித்தது. ஒரு மின்கருவி மட்டும், வெள்ளைச் சுறா இரையைக் கவ்வும் வாய்ப்பை 96 சதவீதத்திலிருந்து 40க்குக் குறைத்தது. காந்தப் பட்டைகளும் வாசனை மெழுகும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவை விற்பனையாவது மட்டும் நிற்கவில்லை.

பலன் உறுதியாகத் தெரிகிற விஷயம் கரையில் இருக்கிறது. சுறாக்கடியில் பெரும்பாலோர் இறப்பது ரத்தம் கொட்டித்தான், அதுவும் பெரும்பாலும் காலில். காலில் கட்டிய பலகைக் கயிற்றால் தொடையை இறுக்கிக் கட்டச் சொல்வதே நெடுநாள் வழக்கம். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர்கள் 2021இல் அதை அளந்து பார்த்தார்கள். கயிறு காலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தை 44 சதவீதம்தான் குறைத்தது. அடிபட்டவரை மல்லாக்கப் போட்டு, இடுப்பெலும்புக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே தொடையிடுக்கில், முஷ்டியை வைத்து முழு உடல் எடையோடு அழுத்தினால் ஏறத்தாழ 90 சதவீதம் நின்றது. ஈர உடைக்கு மேலேயே அழுத்தலாம். உதவி வரும்வரை கையை எடுக்கக் கூடாது, அழுத்துபவர் களைத்தால் இன்னொருவர் அதே இடத்தில் முஷ்டியை வைத்த பிறகே முதலாமவர் எடுக்க வேண்டும். சர்ஃபர் குழுக்களில் இப்போது இது பரவலாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. சில கடற்கரை வாகன நிறுத்தங்களில் ரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவிப் பெட்டிகளும் வந்துவிட்டன, உள்ளே கட்டுத்துணியும் தொடையை இறுக்கும் பட்டையும் இருக்கும். அவற்றில் பலவற்றுக்கு உள்ளூர் சர்ஃபர்களே பணம் போட்டிருக்கிறார்கள்.